முறத்துக்கு ஒரு ஆணி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோயிற்று. போன வாரம் எழுதியதை அச்சில் பார்த்த பிறகுதான், ஐயோ இதை விட்டுவிட்டோமே என்று நாலைந்து விஷயம் ஞாபகம் வந்தது. இந்த வாரமும் அப்படித்தான் ஆகும். முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு கையில் ஆணி, ஒரு கையில் சுத்தியல். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நிற்கிறேன். முகத்துக்கு நேரே சுவர். பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. அவ்வளவு வெள்ளை. ஆணியின் முனையைச் சுவரில் வைப்பேன். பிறகு எடுத்துவிடுவேன். மறுபடியும் வைப்பேன்.

பாப்பிரெட்டிப்பட்டிக்கு வெளியே என் மகள் மஞ்சுவும் மாப்பிள்ளை முருகேசனும் கட்டிய புது வீட்டின் சமையலறை அது. வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. மாப்பிள்ளைக்கு லாரி ஓட்டுகிற வேலை, போனால் வருவதற்கு நாளாகும். மஞ்சு தையல் கம்பெனிக்குப் போய்விட்டாள். எனக்கு வேண்டியதெல்லாம் முறத்தை மாட்ட ஒரு ஆணி. அவ்வளவுதான்.

ஒரு ஆணிக்கா இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள்.

சட்டைப் பைக்குள் போன ஆணி

கல்யாணமானதிலிருந்து நான் என் வீடு என்று ஒன்றில் இருந்ததில்லை. என் வீட்டுக்காரருக்கு மாந்தோப்புக் காவல் வேலை. காரிமங்கலம் பக்கம் ஒரு தோப்பு, அது கைமாறினால் இன்னொரு தோப்பு. மோட்டார் ரூமை ஒட்டி ஒரு அறை கொடுப்பார்கள். அதில் உரமூட்டை, மருந்தடிக்கிற டப்பா, ஏணி எல்லாம் ஒரு பக்கம் இருக்கும். நாங்கள் ஒரு பக்கம்.

முதல் தோப்பில் அவர் எனக்காகச் சுவரில் ஒரு ஆணி அடித்தார். கண்ணாடி மாட்ட. கையகலக் கண்ணாடி, சந்தையில் வாங்கியது. ரெண்டு நாள் மாட்டியிருந்திருப்பேன். தோப்புக்காரர் வந்தார். நல்ல மனுஷன்தான், சத்தம் போட்டுப் பேசமாட்டார். கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். மோட்டார் ரூமிலிருந்து குறடு எடுத்து வந்து ஆணியைப் பிடுங்கினார். அதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"செவுரு காரை உதுருது பாருங்க, அதான்" என்றார். போய்விட்டார்.

எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அந்த ஆணி எங்களுடையதாயிற்றே, அதையும் கொண்டுபோகிறாரே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எந்தத் தோப்பிலும் நாங்கள் சுவரைத் தொடவில்லை. துணிக்குக் கயிறு. பாத்திரத்துக்குச் சாக்கு. வேண்டியதை எடுத்து, சமைத்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, மறுபடியும் சாக்கிலேயே போட்டுவிடுவேன். முறத்தை மட்டும் வெளியே மாமரக் கிளையில் மாட்டுவேன். தோப்பை விட்டுப் போகச் சொன்னால் அரைப்பொழுதில் வண்டி ஏறிவிடலாம். அது எனக்குச் சுலபமாகவும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

வீட்டுக்காரர் போன பிறகு மஞ்சு என்னைத் தன்னோடு கூட்டிக்கொண்டாள். வாடகை வீடுகளிலும் அதே வழக்கம்தான். அங்கேயும் ஆணி அடிக்கக் கூடாது என்பார்கள். ஆகவே எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

புது வீட்டில்தான் தெரிந்தது.

கடிகார மூட்டை

வைகாசியில் பால் காய்ச்சினோம். உப்பு, மஞ்சள், புளி எல்லாம் முதலில் உள்ளே போயிற்று. சொந்தபந்தம் எல்லாம் வந்து சாப்பிட்டுப் போனார்கள். சமையலறையில் இழுத்தால் வருகிற பெட்டி, தள்ளினால் மூடுகிற கதவு என்று ஆசாரி நிறையச் செய்துவைத்திருந்தார். மஞ்சு என்னிடம், "எனக்கு வேனுக்கு ஓடறதுக்கே நேரம் செரியா இருக்குது. எங்கெங்க என்ன வெக்கணுமோ நீயே எடுத்து வெச்சிடும்மா" என்றாள்.

நான் சரி என்றேன். எதையும் எடுத்து வைக்கவில்லை.

பெட்டியை இழுத்துப் பார்ப்பேன். உள்ளே வழவழவென்றிருக்கும். கரி பிடித்த தோசைக்கல்லை இதிலா வைப்பது என்று மூடிவிடுவேன். தரை முழுக்க டைல்ஸ். களி கிண்ட வேண்டுமென்றால் பானையைத் தரையில் இறக்கி, ஆடாமல் அண்டை கொடுத்து, ரெண்டு கையாலும் துடுப்பை அழுத்திக் கிண்ட வேண்டும். மேடை மேல் வைத்துக் கிண்ட எனக்கு எட்டாது. கீழே வைத்தால் டைல்ஸ் விரிசல் விட்டுவிடுமோ என்று பயம். அதனால் களியே செய்யவில்லை. சோறும் தோசையுமாகவே நாள் போயிற்று. மாப்பிள்ளை வந்தபோது ஒரு நாள், "களி இல்லீங்களா அத்த?" என்று கேட்டார். கேழ்வரகு மாவு தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். சாக்கில் மாவு இருந்தது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. எங்கள் பக்கம் புது வீட்டுக்கு வருகிறவர்கள் சுவர்க்கடிகாரம் கொண்டுவருவார்கள். ஒருவருக்கு வாங்கத் தோன்றினால் எல்லோருக்கும் அதேதான் தோன்றும். ஒரு மூட்டைக் கடிகாரம் சேர்ந்துவிட்டது. மயில் படம் போட்டது, பிள்ளையார் படம் போட்டது, வட்டம், சதுரம். மாப்பிள்ளையின் அக்கா சாந்தா கொண்டுவந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. அருவி படம் போட்டது. பேட்டரி போட்டால் தண்ணீர் ஓடுகிற மாதிரி விளக்கு ஓடும்.

வீட்டுக்கு யார் வந்தாலும் ஹாலில் நுழைந்ததும் கண் சுவரைத்தான் தேடும். தாங்கள் கொடுத்த கடிகாரம் இருக்கிறதா என்று. யாருடையதை மாட்டினாலும் மற்றவர்களுக்கு முகம் வாடிவிடும். ஆகவே எதையும் மாட்டவில்லை. மூட்டைக்குள் எந்தக் கடிகாரத்திலோ பேட்டரி இருந்தது. வீடு அமைதியானால் சாக்குக்குள்ளிருந்து டிக் டிக் என்று கேட்கும்.

அப்புறம் ஆடி வந்தது. ஆடியில் ஒன்றும் செய்யக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

சாந்தா போன் செய்தாள்

ஆடி முடிந்தது. ஒரு நாள் காலையில் மஞ்சு ஹாலில் நின்று தலை பின்னிக்கொண்டே சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம அண்ணி வர்றாங்களாம்."

"வரட்டும். அதுக்கு ஏன் மூஞ்ச இப்புடி வெச்சிருக்கற?"

"வூட்ட செட் பண்ணிக் குடுத்துட்டுப் போறாங்களாம். வூடு கட்டி இத்தன மாசமாச்சி, இன்னும் மூட்ட மூட்டயா கெடக்குதே, ஒங்கம்மா என்னாதான் பண்றாங்கன்னு கேக்கறாங்க."

நான் கீழே கிடந்த சாக்கு ஒன்றைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"அந்த சின்ன ரூமு இருக்குதில்ல, அத சாமான் ரூமா ஆக்கிடலாமாம். நீ ஹால்ல படுத்துக்குவியாம்."

சின்ன ரூம் என்பது நான் படுக்கிற அறை. ஜன்னலைத் திறந்தால் சித்தேரி மலை தெரியும். அதிலும் நான் ஒரு கட்டிலையும் ஒரு சாக்கையும் தவிர எதையும் வைத்திருக்கவில்லை. யார் பார்த்தாலும் சாமான் ரூம் என்றுதான் சொல்வார்கள்.

"நீ என்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"நான் என்னாத்த சொல்றது? அவங்களுக்கு இது தம்பி வூடு. நீயே போறவ மாதிரி மூட்ட கட்டி வெச்சிருக்கற. இங்க எங்கம்மா இருக்கறாங்கன்னு நான் எதக் காட்டிச் சொல்ல?" வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. "மணி என்னான்னு கூட இந்த வூட்ல தெரிய மாட்டேங்குது!" என்று சீப்பை வீசிவிட்டு ஓடினாள்.

அவள் போன பிறகு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சாந்தா கெட்டவள் இல்லை. கை சுறுசுறுப்பு, வாயும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து உப்பை எங்கே வைக்கிறாளோ அங்கேதான் அது இருக்கும். அப்புறம் ஒவ்வொரு டம்ளருக்கும் நான் கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டும். ஹாலில் படுத்துக்கொண்டு, யார் வந்தாலும் எழுந்து பாயைச் சுருட்ட வேண்டும்.

எழுந்து மாப்பிள்ளையின் டூல்ஸ் டப்பாவைத் தேடினேன்.

டப்பென்று

முதல் ஆணி வளைந்துவிட்டது. டப்பாவில் தடியாக ஒரு ஆணி கிடந்தது, கறுப்பாக. அதை எடுத்தேன். எந்த இடம் என்று யோசித்ததில் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே நல்ல இடமாகத் தெரிந்தது. கைக்கு எட்டும், யாருக்கும் இடிக்காது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். ஆணி நின்றது. கையை எடுத்துவிட்டு இன்னும் ஒரு அடி போட்டேன்.

டப்பென்று ஒரு சத்தம். நீலமாக ஒரு பொறி. ஹாலில் ஃபேன் மெதுவாக நின்றது. பிரிட்ஜ் ஒரு முறை உதறிக்கொண்டு அடங்கியது. சுவரில் ஆணியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம்.

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் ஆசையாகக் கட்டிய வீட்டைக் கொளுத்திவிட்டேன் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் மஞ்சள் பையில் ரெண்டு புடவையை மடித்து வைத்தேன். எங்கே போவது என்று யோசிக்கவில்லை. கை அதைத்தான் செய்தது, பழக்கம்.

பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்வரைக்கும் வந்தேன். கதவைப் பூட்ட வேண்டும். பூட்டிவிட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது? அங்கேதான் நின்றுவிட்டேன்.

மஞ்சுவுக்குப் போன் போடலாம் என்றால் கம்பெனியில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ரெண்டாம் நம்பரை அழுத்திப் பிடித்தால் மாப்பிள்ளைக்குப் போகும் என்று சொல்லி வைத்திருந்தாள். அதுவரை அவருக்கு நானாகப் போன் போட்டதே இல்லை. அவர் முன்னால் நாற்காலியில் கூட உட்காரமாட்டேன். அழுத்திப் பிடித்தேன்.

"அத்த? என்னாங்க அத்த, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?" லாரி சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"இல்லீங்க மாப்ள. ஆணி அடிச்சிட்டங்க."

"என்னா அடிச்சீங்க?"

"ஆணி. மொறம் மாட்டலாம்னு. கரண்டு போயிடிச்சிங்க. செவுரெல்லாம் கருகிப்போச்சி."

லாரியை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"கை சுட்டுடுச்சிங்களா?"

"இல்லீங்க."

"ஷாக் கீக் அடிக்கலியே?"

"இல்லீங்க. செவுருதாங்க..."

"செவுரு கெடக்குது வுடுங்க." அப்புறம் அவர் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அத்த, அத்த, அழுவாதீங்க. ஒண்ணு சொல்றன் கேளுங்க. மஞ்சு கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நம்ம வூட்டு காலிங் பெல்லு ஏன் அடிக்கல தெரியுமா?"

பெல்லே மட்டமான பெல் என்று அவர்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பால் காய்ச்சறதுக்கு மொத நாளு தோரணம் கட்டறதுக்கு நானும் இப்புடித்தான் ஒரு ஆணி அடிச்சன். டப்புனு போயிடிச்சி. ஹால் கதவுக்குப் பின்னாடி போயி பாருங்க, வெள்ளச் சிமிட்டி பூசி வெச்சிருக்கறன். அதோட நானும் அந்த வூட்ல ஆணியத் தொடல."

கதவை நகர்த்திப் பார்த்தேன். உண்மைதான். விரலால் பூசிய தடம் தெரிந்தது.

"பாத்தீங்களா? நம்ம வூடு அத்த. நாம அடிச்சா நாமதான் பூசணும், வேற யாரும் கேக்க வர மாட்டாங்க. வயர்மேன அனுப்பறன். நீங்க போயி காப்பித்தண்ணி வெச்சிக் குடிங்க."

இதை எழுதலாமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுக்கொண்டேன். "எழுதுங்க அத்த, அவ எங்க இதெல்லாம் படிக்கப் போறா" என்றார்.

கையைக் காட்டு ஆயா

வயர்மேன் உள்ளூர்க்காரன். வண்டியை நிறுத்தியதும் நேராகச் சமையலறைக்கு வந்து ஆணியைப் பார்த்தான். தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"ஆயா, ஒயரு எந்த எடத்துல ஓடுதுன்னு எங்களுக்கே தேடித்தான் கண்டுபுடிக்கணும். நீ ஒரே அடியில கண்டுபுடிச்சிருக்கற!"

குறடை எடுத்து ஆணியைப் பிடுங்கினான். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிடுங்கியதை மேடை மேல் என் பக்கம் வைத்தான்.

போர்டைக் கழற்றி, கெட்டுப்போன ஒயரை உருவி, வேறு ஒயர் இழுத்தான். பெல்லையும் சரி செய்தான். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் சுவருக்குள் பைப் போகும், அங்கே மட்டும் அடிக்காதே என்று சொல்லிக்கொடுத்தான். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது.

"டிரில் மெஷின் கையோட இருக்குது. எங்கெங்க ஓட்ட போடணும்? கைய காட்டு ஆயா."

நான் அதற்குத் தயாராக இல்லை. மஞ்சு வரட்டும் என்றேன்.

"அக்கா ராத்திரிக்குத்தான் வரும். அதுக்குள்ள நான் பொம்மிடி போயிடுவன். இப்ப காட்டு, இல்லாட்டி வுடு."

முறத்துக்கு இடம் காட்டினேன், போர்டை விட்டு நன்றாகத் தள்ளி. மெஷின் சத்தத்தில் பல் கூசியது. வெள்ளைத் தூள் கொட்டியது. முறத்தை மாட்டினேன். அது ஆடி நின்றது. சுவர் அப்படியே இருந்தது.

அடுத்து ஹாலுக்குப் போனோம். கடிகாரம் எங்கே என்று கேட்டான். காலையில் மஞ்சு தலை பின்னிய இடத்தில் நான் நின்று பார்த்தேன். எதிர்ச் சுவரில் அவள் கண் போகிற இடத்தைக் காட்டினேன். மூட்டையைப் பிரித்து, கம்பெனியில் அவளோடு வேலை செய்கிற பிள்ளைகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த சின்னக் கடிகாரத்தை எடுத்தேன். எண் பெரிதாக இருக்கும். சொந்தக்காரர் கொடுத்ததை மாட்டினால்தான் சண்டை. இது சொந்தக்காரர் யாரும் கொடுத்ததில்லை.

அப்புறம் எனக்கே தைரியம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வந்ததும் சட்டையைக் கழற்றிப் போடுகிற மூலையில் ஒரு ஸ்டாண்டு. மஞ்சுவின் உயரத்துக்குக் கண்ணாடி. என் வீட்டுக்காரர் படத்தை வயர்மேன் ஹால் வாசலுக்கு மேலே வைக்கலாம் என்றான். அவருக்கு நாலு பேர் முன்னால் நிற்கவே பிடிக்காது, என் ரூமில் இருக்கட்டும் என்றேன்.

சின்ன ரூமில் துணிக்குக் கயிறு கட்டக் கொக்கி, படத்துக்கு ஒன்று. கட்டிலுக்கு எதிரே பெரிதாக ஒரு சுவர் மிச்சம் இருந்தது.

"இங்க என்னா ஆயா?"

கொஞ்சம் யோசித்தேன். மூட்டையிலிருந்து சாந்தாவின் அருவிக் கடிகாரத்தை எடுத்து வந்தேன்.

மீதி வேலைக்கு யாரும் தேவைப்படவில்லை. சாக்குகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். அடுப்புக்கு வலப்பக்கம் உப்பு, மிளகாய்த்தூள். அடிப்பெட்டியில் கரி பிடித்தவை. வழவழப்பு போனால் போகட்டும். மஞ்சு வந்தபோது ஹாலில் சாக்கு ஒன்றுகூட இல்லை. வாசலிலேயே நின்றாள். கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வெகுநேரம் கழித்து வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை

சாந்தா வந்து பெல்லை அழுத்தினாள். பெல் அடித்தது. மஞ்சு என்னைப் பார்த்தாள், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

நான் அப்போது சமையலறையில் சாக்கை நாலாக மடித்துத் தரையில் போட்டு, அதன் மேல் பானையை வைத்துக் களி கிண்டிக்கொண்டிருந்தேன்.

"அத்த! டைல்ஸ் மேல வெச்சா கிண்டறீங்க? ஒடஞ்சிடாது?"

"ஒடஞ்சா வேற போடலாம் சாந்தா. ஒக்காரும்மா" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அவள் ஹாலுக்குப் போனாள். எனக்குத் தெரியும், சுவரைத்தான் தேடுவாள். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"ஏன் அத்த, நான் குடுத்த கடியாரத்த எங்க மூட்ட கட்டிப் போட்டீங்க?"

"என் ரூம்ல மாட்டியிருக்கறன்மா. போயி பாரு."

போனாள். பேட்டரி போட்டிருந்தேன். அருவி ஓடிக்கொண்டிருந்தது. என் கட்டில், கயிற்றில் என் புடவை, படம், எல்லாம் பார்த்திருப்பாள். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"அங்கதான் அத்த அது எடுப்பா இருக்குது. ஹால்ல வெச்சா வெயிலு பட்டு வெளுத்துடும்" என்றாள்.

தன் கடிகாரம் தொங்குகிற அறையில் மூட்டை போட யாருக்கு மனசு வரும்? நீ யோசித்துத்தான் அங்கே மாட்டினாயா என்று மஞ்சு இப்போதும் கேட்கிறாள். யோசித்துத்தான் மாட்டினேன்.

சாமான் ரூம் பேச்சே வரவில்லை. களியும் கீரைக்குழம்பும் சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகு சாந்தா, "நீங்க ஒக்காருங்க அத்த, டீ நான் போடறன்" என்று எழுந்து போனாள். பெட்டிகளை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, அப்புறம் இன்னொன்று.

"அத்த, சக்கர எங்க வெச்சிருக்கறீங்க?"

"அடுப்புக்கு மேல, ரெண்டாவது கதவு" என்றேன். எழுந்து போகவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னேன்.

ஒரு வேண்டுகோள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் மட்டும்தான் பைப் போகும் என்று அந்தப் பையன் சொன்னதாக எனக்கு ஞாபகம். குறுக்கேயும் போகும் என்று ஏதோ சொன்ன மாதிரியும் இருக்கிறது, மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. கரண்ட் வேலை தெரிந்த யாராவது இதைப் பார்த்து, தப்பாக இருந்தால் திருத்திப் போடச் சொல்லுங்கள். என் பேச்சை நம்பி யாராவது சுத்தியலை எடுத்துவிடப் போகிறார்கள்.